அம்மன் முகம் கறுத்த வழக்கு

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் வினோதாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு வழக்கமாக இரண்டு வகை ஆட்கள்தான் வருவார்கள். கணவனைப் பின்தொடரச் சொல்கிறவர்கள் ஒரு வகை. மனைவியைப் பின்தொடரச் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. தெய்வத்தின் முகத்துக்கு என்ன நேர்ந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஒருவர் படியேறி வந்தது அன்றுதான் முதல் தடவை.

வந்தவர் பெயர் கஜேந்திரன். டயகமவுக்குப் பக்கத்தில் ஸ்டோன்ஹில் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் பரிபாலன சபையின் தலைவர். லொறி முதலாளி. தோளில் வெள்ளைப் பட்டுச் சால்வை, அது நழுவுகிறதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை தடவிப் பார்க்கும் கை. உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு தடவை முனகியது.

ஸஃப்வான் சுவரோடு சாய்ந்து அவரை அளந்துகொண்டிருந்தான். அவன் வினோதாவின் உதவியாளன், ஓட்டோ சாரதி, தேத்தண்ணி வாங்கி வருகிறவன். இந்த மூன்று வேலையில் ஒன்றைக்கூட வாயை மூடிக்கொண்டு செய்ய அவனுக்குத் தெரியாது.

"கோயிலுக்குப் புதுசா லைட்டு போட்டோம் மிஸ்," என்று கஜேந்திரன் தொடங்கினார். "கோபுரத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம்னு தானா மாறுற லைட்டு. அக்கரப்பத்தனையில இருந்து பார்த்தாலும் தெரியும்."

"ஐஸ்கிரீம் கடைன்னு நெனச்சு யாராவது வந்துட்டாங்களா தலைவரே?" என்றான் ஸஃப்வான்.

வினோதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். காப்புறுதிக் கம்பனியில் பத்து வருடம் பொய்க் கணக்குக்காரர்களைப் பார்த்துப் பழகிய பார்வை அது. ஸஃப்வான் வாயை மூடினான். அதாவது, தற்காலிகமாக.

கஜேந்திரன் சொன்ன கதை இது. கருவறைக்குள் கரண்ட் போகக் கூடாது என்பது சபையின் செயலாளர் குணரத்தினம் மாஸ்டரின் பிடிவாதம். அதனால் மண்டபத்து உத்தரத்தில், கண்ணாடி போட்ட பெட்டிக்குள் ஒற்றை விளக்கைப் பொருத்தி, வாசல் வழியாக அம்மன் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழும்படி செய்தார்கள். திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து பிரமுகர் வந்தார், மேளம் வந்தது, வீடியோக்காரர் வந்தார். பிரமுகர் பொத்தானை அமுக்கினார். அம்மனின் கிரீடம் ஜொலித்தது, பட்டுச்சேலை ஜொலித்தது, பாதம் ஜொலித்தது. முகம் மட்டும் கரி பூசியதுபோலக் கறுத்துக் கிடந்தது. பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். வேறொரு கூட்டம் இருக்கிறதென்று பிரமுகர் கிளம்பிப் போய்விட்டார்.

"எல்லாம் அந்த நிரஞ்சன் பய வேலை," என்றார் கஜேந்திரன். "லைட்டு போட்டவன். நோட்டன் பிரிட்ஜ்ல மாதா கோயிலுக்கு லைட்டு போட்டிருக்கான். இங்க ஹட்டன்ல பள்ளிவாசலுக்குப் போட்டிருக்கான். அதே கையோட வந்து நம்ம அம்மன் வெளக்கத் தொட்டிருக்கான். தீட்டு."

"எங்க மினாராவில லைட்டு ஜோரா எரியுதே," என்றான் ஸஃப்வான். "மாதாவும் ஒண்ணும் சொல்லலன்னு கேள்வி. உங்க அம்மனுக்கு மட்டும் அலர்ஜியா?"

"தம்பிக்கு வெளங்காது," என்று கஜேந்திரன் சால்வையைத் தடவினார். "அவன் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொல்லிட்டோம். இன்னிக்குப் பின்னேரம் சபை கூடி நிரந்தரத் தீர்மானம் போடப் போறோம். வர்ற வெள்ளிக்கிழமை அவனுக்கு அதே கோயில்ல கல்யாணம். தீர்மானம் வந்துட்டா பொண்ணு குடுக்க மாட்டேன்னு பொண்ணோட அப்பா சொல்லிட்டாரு. ஆனா படிச்ச பயலுக சில பேரு ஆதாரம் கேக்குறானுக. அதான் ஒங்ககிட்ட வந்தேன். அவன் என்ன தில்லுமுல்லு பண்ணினான்னு கண்டுபிடிச்சி, சபைக்கு முன்னால வைங்க."

"என்ன கண்டுபிடிச்சாலும் சபைக்கு முன்னால வைக்கலாமா?" என்று வினோதா கேட்டாள்.

"கட்டாயம். அம்மன் மேல சத்தியம்."

எழுந்தவர், சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். காலைப் பூசைக் குங்குமம் என்றார். வினோதா கும்பிட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அக்கரப்பத்தனை டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிரஞ்சன் காத்திருந்தான். பக்கத்தில் அவன் கட்டிக்கொள்ளப் போகும் சுலக்ஷனா. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். இரண்டு பேர் முகத்திலும் தூக்கம் இல்லை. தேத்தண்ணி ஆறிப் போய் ஆடை கட்டியிருந்தது.

நிரஞ்சன் போனை நீட்டினான். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், விளக்கைச் சோதித்துப் பார்த்தபோது எடுத்த படம். அம்மன் முகம் பளிச்சென்று இருந்தது. மூக்குத்திக் கல்லை எண்ணலாம்.

"இது கண்ணாடி போடுறதுக்கு முந்தியா, போட்ட பிறகா?" என்றாள் வினோதா.

"போட்ட பிறகுங்க. கண்ணாடியப் போட்டு, ஸ்குரூ முறுக்கி, படம் எடுத்துட்டு, கோயில் சாவியக் குடுத்துட்டு வந்தேன். அதுக்குப் பிறகு நான் தொடல. விழாவில முகம் கறுத்ததும் ஏறிப் பார்க்கப் போனேன். சட்டையப் புடிச்சி வெளிய தள்ளிட்டாங்க."

"வேற யாராவது ஏறிப் பார்த்தாங்களா?"

"பரிகாரப் பூசை முடியிற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவுங்க."

"அந்த லைட்டு யாரோட உபயம்?" இது வினோதா.

அதற்குச் சுலக்ஷனா பதில் சொன்னாள். "தோட்டத்துக் கீழ்ப்பிரிவு, எங்க கீழ்க்கணக்குப் பொம்பளைங்களோடது. ஆளுக்கு ஒருநாள் சம்பளத்தப் போட்டு வாங்கினோம். கோயில்ல மத்த எல்லாத்துலயும் பேரு இருக்கு. மணியில, மின்விசிறியில, தண்ணிக் குழாயில. டியூப் லைட்டுல பேரு எழுதி எழுதி, எழுத்துக்கு நடுவுல எங்கயோ கொஞ்சம் வெளிச்சம் வருது. அதனால இந்த ஒண்ணுக்கு மட்டும் பேரு வேணாம்னு சொல்லிட்டோம். யாரு குடுத்தாங்கன்னு அம்மனுக்குத் தெரியாதா?"

"லைட்டே வேணாம்னு சொன்ன ஆள் யாரும் இருக்காங்களா?" ஸஃப்வான் ஆவலோடு முன்னால் சாய்ந்தான்.

"குணரத்தினம் மாஸ்டர் ஆரம்பத்துல இருந்தே எதிர்ப்புதாங்க."

ஸஃப்வானுக்கு அது போதும். மாஸ்டர் இரகசியமாக ஏணியில் ஏறி, விளக்குக் கண்ணாடியில் கரி பூசுவதை அவன் மனதுக்குள் படமாகவே ஓட்டிவிட்டான். படத்தில் மாஸ்டருக்குக் கறுப்புக் கண்ணாடிகூட மாட்டினான்.

அப்போது சுலக்ஷனாவின் கண் வினோதாவின் கைப்பைக்குள் இருந்த பொட்டலத்தில் விழுந்தது. "நம்ம கோயில் குங்குமமா அக்கா? விழாவுக்குப் பிறகு நான் உள்ள போகல. அவர வெளிய நிறுத்திட்டு நான் மட்டும் எப்பிடிப் போறது? கொஞ்சம் தாறீங்களா?"

வினோதா பொட்டலத்தைப் பிரித்தாள். குங்குமம் எண்ணெய்ச் சட்டியில் விட்ட தண்ணீர்போல ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஒரு மூலைக்கு ஓடியது. சுலக்ஷனா ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, இன்னொரு சிட்டிகையை நிரஞ்சனின் நெற்றியில் வைத்தாள். வினோதா அதைப் பார்க்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிச்சக் குங்குமத்தை விரலால் காகிதம் முழுவதும் மெதுவாகத் தேய்த்தாள், ஊதினாள், உற்றுப் பார்த்தாள், சட்டென்று மடித்தாள்.

"என்னக்கா அதுல?" என்றான் ஸஃப்வான்.

"குங்குமம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தால் இடது கன்னம் மட்டும் குழியும். இப்போது குழிந்திருந்தது. இனி என்ன கேட்டாலும் பதில் வராது என்று ஸஃப்வானுக்குத் தெரியும். அவன் எரிச்சலோடு எல்லாருடைய தேத்தண்ணியையும் குடித்து முடித்தான்.

நாலு கடை தள்ளி இக்ராமின் ஸ்டிக்கர் கடை. அக்கரப்பத்தனையில் ஓடுகிற எந்த ஓட்டோவின் பின்னாலும் இருக்கும் தத்துவம் அங்கே வெட்டப்பட்டதுதான். ஸஃப்வானின் ஓட்டோவில் இருக்கும் 'பொறாமைப்படாதே, உழை' என்பது உட்பட. அந்த ஓட்டோவை ஓட்டி அவன் உழைத்ததை யாரும் பார்த்ததில்லை.

"இக்ராம் நாநா, இது உங்க கடைத் தாளா?" என்று வினோதா பொட்டலத்தின் ஒரு நுனியை மட்டும் காட்டினாள்.

இக்ராம் விரலால் தடவினார். "எங்கட தாள்தான். ஸ்டிக்கர உரிச்சா மிஞ்சுமே, அந்தப் பின்தாள். ஒரு பக்கம் வழுவழுன்னு ஈக்கும். மெஷின் கத்தி எழுத்த வெட்டக்குள்ள இதுலயும் லேசாக் கீறும், கண்ணுக்குத் தெரியாது."

"யாருக்கு வெட்டினீங்க?"

"அத மட்டும் கேக்க வாணாம் மிஸ். யாருக்கும் சொல்ல வாணாம்னு சொல்லிட்டுப் போனாரு. வாக்குக் குடுத்துட்டேன்."

"நாநா, உங்க ஸ்டிக்கர நம்பி நான் ஒரு வருஷமா உழைக்கிறேன்," என்றான் ஸஃப்வான். "அதுக்காகவாவது சொல்லுங்க."

"அதப் பார்த்துத்தான் எனக்கு ஸ்டிக்கர் மேல நம்பிக்கையே போச்சு," என்றார் இக்ராம்.

வினோதா குறுக்கிட்டாள். "பேரு வேணாம். எங்க ஒட்டன்னு சொன்னாரா?"

இக்ராம் யோசித்தார். "கண்ணாடிக்குன்னு சொன்னாரு. சூடு தாங்குமான்னு கேட்டாரு. தாங்கும், ஆனா சூடு பட்டா கல்லு மாதிரி புடிச்சிக்கும், பிறகு உரிக்க ஏலாதுன்னு சொன்னேன். அதுதான் வேணும்னு சந்தோஷமாப் போனாரு."

வினோதாவின் கன்னம் மறுபடியும் குழிந்தது.

ஸ்டோன்ஹில் கோயிலை அவர்கள் அடைந்தபோது பின்னேர மூடுபனி மலையை மூடிவிட்டிருந்தது. இருட்டுவதற்கு முன்பே கோபுரம் சிவந்து, பச்சையாகி, நீலமானது. வாசலில் 'இவ்வாயில் உபயம்' என்று தொடங்கி, செருப்பு வைக்கும் தட்டு வரைக்கும் எழுத்துதான். பெரும்பாலும் ஒரே பெயர். இந்த எழுத்தையெல்லாம் வாசித்து முடித்துவிட்டு உள்ளே போவதென்றால் பூசை முடிந்துவிடும் என்று ஸஃப்வான் முணுமுணுத்தான்.

பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்த பெண்கள் கூடையோடு மண்டபத்தின் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். சுலக்ஷனாவின் அப்பா ஒரு தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து நின்றார். நிரஞ்சன் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டான். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. யாரும் அவனை ஓரமாக நிற்கச் சொல்லவும் இல்லை.

"நான் அப்பவே சொன்னனான்," என்று குணரத்தினம் மாஸ்டர் வினோதாவிடம் தொடங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடம் இங்கே படிப்பித்தும் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காதவர். "உந்த வெளிச்ச விளையாட்டெல்லாம் கோயிலுக்குச் சரிவராது எண்டு. ஆர் கேட்டவை?"

"மாஸ்டர், கொஞ்ச நேரத்துல உங்க உதவி வேணும்," என்றாள் வினோதா. ஸஃப்வான் மாஸ்டரின் விரல் நுனியில் கரி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். கரும்பலகைச் சோக்கட்டித் தூள்தான் இருந்தது.

பூசாரி விளக்கைப் போட்டார். கருவறையில் கிரீடமும் சேலையும் பொங்கின. முகத்தில் அந்தக் கறுப்பு. ஓரமில்லாமல், கலங்கலாக. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இத்தனை பேர் ஒருநாள் உழைப்பைக் கொடுத்து வாங்கிய வெளிச்சம் இப்படியா விழ வேண்டும் என்று ஸஃப்வானுக்கே மனதாரக் கோபம் வந்தது.

"எல்லாரும் வெளிச்சம் விழுற எடத்தப் பார்க்குறீங்க," என்றாள் வினோதா. "வர்ற எடத்த யாரும் பார்க்கல."

எல்லாரும் விளக்கைப் பார்த்தார்கள். உடனே கண்ணை மூடினார்கள். நேரே பார்த்தால் கண் கூசுகிற விளக்கு அது. அணைத்தாலோ, மாவிலைத் தோரணத்துக்கு நடுவே இருட்டு உத்தரத்தில் ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

"தலைவரே, உங்க சால்வையக் கொஞ்சம் தாறீங்களா? வெள்ளையா வேற ஒண்ணும் கெடைக்கல."

சபைக்கு முன்னால் கேட்டதால் கஜேந்திரனால் மறுக்க முடியவில்லை. காவடிக்கு வைத்திருந்த இரண்டு மூங்கில் கம்புகளில் சால்வையின் நுனிகளைக் கட்டி, ஒன்றை ஸஃப்வானும் இன்னொன்றைச் சுலக்ஷனாவும் பிடித்தார்கள். முதலில் கருவறை வாசலுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்கள். சால்வையில் அதே கறுப்புக் கறை விழுந்தது.

"இப்ப லைட்டப் பார்த்து நடங்க. மெதுவா."

ஒவ்வொரு அடிக்கும் கறை சுருங்கியது. சுருங்கச் சுருங்க அதற்கு ஓரம் வந்தது. பிறகு ஒரே கறையாக இருந்தது பல துண்டுகளாகப் பிரிந்தது. விளக்குக்குக் கிட்டே போனதும் துண்டுகள் வளைந்து, சுழிந்து, கொம்பு முளைத்து நின்றன. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது என்ன பாஷை என்றே தெரியவில்லை.

"மாஸ்டர், நீங்க சால்வைக்கு அந்தப் பக்கம், அம்மன் பக்கமா நின்னு பாருங்க. அங்க இருந்து பார்த்தா நேராத் தெரியும். சத்தமா வாசிங்க."

குணரத்தினம் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பதுபோல எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"உ... ப... யம். க... ஜேந்... திரன். தலை..."

மாஸ்டர் அதோடு நிறுத்தினார். மிச்சத்தை வாசிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வெளியே தூறல் கனத்து மழையாகி, தகரக் கூரையில் சடசடவென்று விழுந்தது. ஸஃப்வான் கையிலிருந்த கம்பு ஆடியது. சிரிப்பை அடக்குகிறவன் கையில் எது இருந்தாலும் ஆடத்தான் செய்யும்.

வினோதா குங்குமக் காகிதத்தை விரித்துக் காட்டினாள். வெள்ளைத் தாளில், கத்தி கீறிய தடங்களில் மட்டும் குங்குமம் புகுந்து, மெல்லிய சிவப்புக் கோடுகளாக அதே பெயர். "ஸ்டிக்கர ஒட்டினவரு உரிச்ச தாளச் சட்டைப்பையில போட்டுக்கிட்டாரு. காலையில அதுலயே குங்குமத்த மடிச்சிக் கொண்டு வந்து என் மேசையில வச்சாரு."

"நான்... அம்மனுக்கு நேரே இருக்கிற லைட்டாச்சே," கஜேந்திரனின் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "அம்மன் கண்ணுல நம்ம பேரு படட்டும்னு, முந்தின நாள் பின்னேரம் நானே ஏறி... அது இப்பிடி முகத்த மறைக்கும்னு சத்தியமாத் தெரியாது மிஸ்."

அது உண்மைதான் என்பது அவருடைய முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. தன் பெயர் எதையாவது மறைக்கக்கூடும் என்று அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"எங்க லைட்டுல ஒங்க பேரா?" கூடைகளுக்கு நடுவிலிருந்து தெய்வானை எழுந்தாள். நிரஞ்சனின் தாய். அதுவரை தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தவள். "எம்மவன் கை தீட்டுன்னு சொன்னீங்களே, அம்மன் முகத்த மறைச்சது ஒங்க கையில்ல?"

"சரி, சரி. யாராவது ஏறி அத எடுத்து விடுங்கப்பா," என்றார் கஜேந்திரன் அவசரமாக.

ஸஃப்வான் ஏறினான். பூசாரி விளக்கை அணைத்தார். நகத்தால் சுரண்டினான், ஓட்டோ சாவியால் சுரண்டினான். எழுத்து அசையவில்லை. "இக்ராம் நாநா வாக்குத் தவறாத மனுஷன்," என்று மேலிருந்து அறிவித்தான். "கண்ணாடியோட கழட்டினாத்தான் உண்டு. ஸ்குரூ வேற மாதிரி இருக்கு. போட்டவருகிட்டத்தான் சாமான் இருக்கும்."

எல்லாத் தலையும் வாசலைப் பார்த்துத் திரும்பியது. அப்போதுதான் நிரஞ்சன் இன்னும் மழையில் நிற்பது பலருக்கு ஞாபகம் வந்தது. தலையிலிருந்து தண்ணீர் வடிந்து, நெற்றிக் குங்குமம் மூக்கு வரைக்கும் கரைந்திருந்தது.

"வா தம்பி," என்று கஜேந்திரன் கூப்பிட்டார். "வந்து இதக் கழட்டிக் குடுத்துட்டுப் போ."

நிரஞ்சன் அசையவில்லை. "கழட்டுறதுக்கு மட்டுமா தலைவரே?"

கஜேந்திரனின் கை தோளில் இல்லாத சால்வையைத் தடவியது.

"வேலைக்கு உள்ள வா, வேலை முடிஞ்சா வெளிய போன்னா எனக்கு வேணாங்க. அத எங்க தாத்தா காலத்துல இருந்து கேட்டுட்டோம்."

சுலக்ஷனா கையிலிருந்த கம்பை மாஸ்டரிடம் கொடுத்தாள். நேராக நடந்து போய், படி இறங்கி, மழையில் அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். தெய்வானை போனாள். கூடைக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தூணுக்குப் பின்னால் நின்ற சுலக்ஷனாவின் அப்பா கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் குடையை விரித்துக்கொண்டு போய் அதை நிரஞ்சனின் தலைக்கு மேல் பிடித்தார். அவர் முதுகு நனைந்தது. மண்டபத்துக்குள் சபையும் சால்வையும் மட்டும் மிஞ்சின.

கஜேந்திரன் கருவறையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு வெறும் தோளோடு படி இறங்கி மழைக்குள் போனார். அங்கே அத்தனை பெண்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"தீட்டு இல்லப்பா," என்றார். "தப்பு என்னுது. தீர்மானம் ஒண்ணும் கெடையாது. வெள்ளிக்கிழமை கல்யாணம் இங்கதான். உள்ள வா."

நிரஞ்சன் குழாயில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். ஏறி, கண்ணாடியைக் கழற்றிக் கீழே கொடுத்தான். பூசாரி பொத்தானை அமுக்கினார். நெற்றிப் பொட்டு, மூக்குத்தி, மெல்லிய சிரிப்பு, எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. தெய்வானை சத்தமில்லாமல் அழுதாள்.

"புதுக் கண்ணாடி போடேக்குள்ள," என்று மாஸ்டர் தொண்டையைச் செருமினார், "கீழ்க்கணக்குப் பெண்கள் உபயம் எண்டு சின்னனா ஒண்டு..."

"வேணாம் சேர்," என்றாள் சுலக்ஷனா. "முகம் தெரியுதில்ல. போதும்."

வினோதா கழற்றிய கண்ணாடியை வாங்கி, இரண்டு கையாலும் கஜேந்திரனிடம் நீட்டினாள். "நீங்க கேட்ட ஆதாரம், தலைவரே. சபைக்கு முன்னால வச்சாச்சு."

அதை எங்கேயாவது வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று கஜேந்திரன் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காலியாக ஓர் இடமும் கிடைக்கவில்லை. எல்லா இடத்திலும் ஏற்கெனவே அவர் பெயர் இருந்தது.